சுவரைக் காப்பாற்ற வந்த பள்ளிக்கூடம்

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த சீனியர் அண்ணன், "ஏதாவது உருப்படியா எழுதுப்பா. ஹாஸ்டல் மெஸ்ஸைப் பத்தி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு" என்றார். மெஸ்ஸை விட்டுவிடுகிறேன். ஆனால் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டைத் தொடாமல் ஆரம்பிக்க முடியவில்லை. காலை மணி எத்தனைக்கு, சாப்பாடு எத்தனைக்கு, ஸ்டடி ஹவர் எது, கேட் எப்போது மூடும், மீறினால் அபராதம் எவ்வளவு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய அந்த மஞ்சள் தாளை நாலு வருஷமும் தாண்டித் தாண்டிப் போனோம். யாராவது முழுசாகப் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதே மாதிரி ஒரு தாளை என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்று மறுபடி கையில் வாங்கினேன். இந்தத் தடவை முழுசாகப் படித்தேன், அப்பா ஆகிவிட்டோமே! பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல பள்ளிதான். மூன்றாவது வாரம் டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்தது. பிள்ளை இடத்தில் உட்காருவதில்லை, வீட்டில் கண்டிக்கவும் என்று.

கண்டித்தேன். சைட்டில் கான்கிரீட் லாரி நாலு மணி நேரம் தாமதமாகி, அந்த எரிச்சலோடு வீடு வந்த ராத்திரி அது. மூன்றரை வயசுப் பிள்ளையைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வைத்தேன். அவள் அழவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்திருந்த இடத்தை விரலால் நோண்டிக்கொண்டே நின்றாள்.

"பாரு, சுவரையும் கெடுக்கிறா" என்றேன் மனைவியிடம்.

"அங்க நிக்க வெச்சது நீங்கதானே" என்றாள் அவள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. எஞ்சினியருக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வான்? கோட் புத்தகத்தைத் தேடுவான். நானும் தேடினேன். சின்னப் பிள்ளைகளுக்கு டைம்டேபிள் போட்டது யார், உட்கார் என்றும் எழுந்திரு என்றும் முதலில் சொன்னது யார் என்று புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். 1816-ல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், தன் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு ஒரு பாலர் பள்ளி வைத்து, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று ஆசிரியர்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். 1840-ல் ஜெர்மனியில் ஃப்ரீபெல் தன் பள்ளிக்கு 'குழந்தைகளின் தோட்டம்' என்ற அர்த்தத்தில் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்திருக்கிறார். இதெல்லாம் பி.எட். படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. என்னைப் பிடித்து உட்கார வைத்தது ரோம் நகரத்தில் நடந்த ஒரு கதை. காரணம் எளிது. அதில் கட்டடம் வருகிறது, வாடகை வருகிறது, மராமத்துச் செலவு வருகிறது, ஒரு எஞ்சினியரும் வருகிறார். நம்ம ஆள்!

இத்தாலி ஒன்றுபட்டு, ரோம் அதன் தலைநகரமான பிறகு, 1880-களில் அங்கே கட்டடப் பித்து பிடித்தது. நகரின் பழைய மதில் சுவருக்கு வெளியே, ரயில் யார்டுக்கும் வேரானோ இடுகாட்டுக்கும் நடுவில் இருக்கும் சான் லொரென்சோ பகுதியில், 1884-லிருந்து நாலைந்து வருடத்துக்கு அடுக்கு வீடுகள் மளமளவென்று எழுந்தன. நல்ல அஸ்திவாரம், காற்றோட்டம் எல்லாம் யார் பார்த்தார்கள்? மனை விலை ஏறுகிறது, கட்டு, விற்றுவிடு. பிறகு பணம் கொடுத்த வங்கிகள் ஆட்டம் கண்டன. பாதி முடிந்த கட்டடங்கள் அப்படியே நின்றன. அவற்றில் வேலை தேடி வந்த ஏழைகள் குடியேறினார்கள்.

இந்த வீடுகள் நடுத்தர வர்க்கத்துக்காக வரையப்பட்டவை. ஒரு வீட்டுக்கு ஐந்து, ஆறு அறைகள். ஏழைத் தொழிலாளியால் அவ்வளவு வாடகை கொடுக்க முடியாது. அதனால் ஒருவன் மொத்தமாக எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விட்டான். அறை எடுத்தவன் மூலை மூலையாக விட்டான். ஒரே அறையில் நாலு குடும்பம். இருட்டு, ஈரம், சண்டை. பிளான் தப்பானால் குடியிருப்பு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நம் டவுன் பிளானிங் வகுப்பில் எனக்குக் கிடைக்கவில்லை. (அந்த வகுப்பில் நான் தூங்கியதும் ஒரு காரணம்.)

நிற்க. இந்தக் கட்டடங்களை வாங்கிச் சீர்செய்ய ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் முன்வந்தது. அதன் தலைமை இயக்குநர் எடுவார்டோ தாலாமோ என்ற எஞ்சினியர். அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கட்டடத்தின் நடுவே அடைத்துக்கொண்டிருந்த பகுதிகளை இடித்து, வெளிச்சமும் காற்றும் வரும்படி முற்றங்களைத் திறந்தார். பெரிய வீடுகளை ஓரிரு அறையும் சமையலறையும் கொண்ட சின்ன வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல் கொடுத்தார். வீட்டை நன்றாக வைத்திருப்பவர்களுக்கு வருடா வருடம் பரிசும் உண்டு.

எல்லாம் சரி. ஒரே ஒரு பிரச்சினை. அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடும். மூன்றிலிருந்து ஆறு வயசு வரையிலான வாண்டுகள் மட்டும் நாள் பூராவும் படிக்கட்டில் ஓடும், புதுச் சுவரில் கிறுக்கும், பூச்சை நோண்டும். வெள்ளையடித்து முடிப்பதற்குள் மறுபடி அழுக்கு. தாலாமோ கணக்குப் போட்டார். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு அறையை ஒதுக்கி, ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்து, இந்தப் பிள்ளைகளை அங்கே வைத்துக்கொண்டால், சேதம் குறைவதில் மிச்சமாகும் மராமத்துப் பணமே அந்தச் செலவுக்கு ஈடாகிவிடும். பெற்றோரிடம் ஒரு காசு வாங்க வேண்டியதில்லை.

உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஒரு பாலர் பள்ளியின் தொடக்கம் இவ்வளவுதான். பிள்ளைகளைக் காப்பாற்ற அல்ல, சுவரைக் காப்பாற்ற! இதைப் படித்தபோது என் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் ஞாபகத்துக்கு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

இந்த வேலைக்கு தாலாமோ தேடிப் போனது மரியா மாண்டிசோரி என்ற டாக்டரை. 1870-ல் பிறந்தவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெண்கள் எட்டிப் பார்க்காத டெக்னிக்கல் பள்ளியில் சேர்ந்து கணக்கும் இயற்பியலும் படித்தார். எஞ்சினியர் ஆவதுதான் அவருடைய முதல் ஆசை. பிறகு மனசு மாறி மருத்துவத்துக்குப் போய் 1896-ல் பட்டம் வாங்கினார். (நமக்கு நஷ்டம்.) மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை செய்து, அவர்களுக்காகச் சில கருவிகளை உருவாக்கி வைத்திருந்தார். அவற்றைச் சாதாரணக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்க ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்தவருக்கு தாலாமோவின் அழைப்பு வந்தது.

1907 ஜனவரி 6-ஆம் தேதி, மார்சி தெரு 58-ஆம் எண் கட்டடத்தின் தரைத்தளத்தில் 'காசா தேய் பம்பீனி' திறக்கப்பட்டது. குழந்தைகள் வீடு என்று அர்த்தம். சுமார் ஐம்பது பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண். அவரும் முறையான பயிற்சி முடித்த ஆசிரியை அல்ல. இன்று ஒரு மிஸ்ஸிடம் ஐம்பது பிள்ளைகளை ஒப்படைக்கும் பள்ளிகளை நாம் குறை சொல்கிறோம். கணக்குப்படி அங்கேயும் அதே நிலைமைதான் என்பதைக் கவனியுங்கள்.

சுவரில் ஒரு விதித்தாள் தொங்கியது. நம் ஹாஸ்டல் போர்டேதான். பெற்றோர் குறித்த நேரத்தில், குளிப்பாட்டி, சுத்தமான உடையோடும் ஏப்ரனோடும் பிள்ளையை அனுப்ப வேண்டும். பொறுப்பாளருக்கு மரியாதை தர வேண்டும். தாய் வாரம் ஒரு தடவையாவது வந்து, பிள்ளை வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று பேசிவிட்டுப் போக வேண்டும். பொறுப்பாளர் அதே கட்டடத்தில் குடியிருப்பார். அழுக்காக வரும் பிள்ளையும், திருத்த முடியாத பிள்ளையும் நீக்கப்படும். தாய் தகப்பன் மரியாதைக் குறைவாக நடந்தாலும் அவர்களுடைய பிள்ளை நீக்கப்படும்.

கடைசி வரிகள் எனக்கு உறுத்தின. குழாயடிக்கும் சோப்புக்கும் திண்டாடிய குடும்பங்களிடம் இப்படிக் கேட்பது வீட்டுக்காரனின் குரல். ஆனால் 'திருத்த முடியாத பிள்ளை' என்ற வார்த்தைக்கு உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தால்தான் கதை சூடு பிடிக்கிறது.

முதலில் டைம்டேபிளைச் சொல்லிவிடுகிறேன். 1909-ல் மாண்டிசோரி எழுதிய புத்தகத்தில் குளிர்காலத்துக்கான அட்டவணை ஒன்று இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை. ஒன்பது மணிக்கு வணக்கம், பிறகு கை, நகம், காது, தலைமுடி சோதனை. ஒருவருக்கொருவர் ஏப்ரன் கட்டிவிடுவது. அறையைச் சுற்றி வந்து தூசி இருக்கிறதா, பொருள்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பிள்ளைகளே பார்ப்பது. பிறகு நேற்று என்ன நடந்தது என்று பேசுவது, பிரார்த்தனை. பத்து முதல் பதினொன்று வரை கருவிகளோடு வேலை. பிறகு அரை மணி நேரம் உடல் அசைவு: நேராக நிற்பது, வரிசையாக நடப்பது, வணக்கம் சொல்வது, ஒரு பொருளைச் சத்தமில்லாமல் கீழே வைப்பது. பதினொன்றரைக்குச் சாப்பாடு. பன்னிரண்டு முதல் ஒன்று வரை இஷ்டப்பட்ட விளையாட்டு. பிறகு ஒரு மணி நேரம் ஆசிரியை நடத்தும் விளையாட்டு. அந்த நேரத்தில் பெரிய பிள்ளைகள் முறை வைத்து அறையைப் பெருக்கித் துடைத்து அடுக்குவார்கள். இரண்டு மணிக்குக் களிமண் வேலை. மூன்று மணிக்குப் பாட்டு, செடிக்குத் தண்ணீர், வளர்க்கும் பிராணிகளுக்குத் தீனி.

ஏழு மணி நேரம். அதில் 'பாடம்' என்று நாம் சொல்வது ஒரு மணி நேரம்தான். அதையும் நடுநடுவே ஓய்வு கொடுத்துத்தான் நடத்தினார்கள். மீதியெல்லாம் என் பாட்டி வீட்டு வேலை என்று சொல்லியிருக்கக்கூடிய சமாசாரங்கள்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிய வர்ணனையை இரண்டு தடவை படித்தேன். நாலு வயசுப் பிள்ளைகள் கத்தியும் முள்கரண்டியும் எடுத்து மேசையில் வைக்கின்றன. ஒரு தட்டில் ஐந்து கண்ணாடி டம்ளர் வரை வைத்துத் தூக்கி வருகின்றன. சுடச்சுட சூப் நிறைந்த பெரிய பாத்திரத்தை மேசை மேசையாகக் கொண்டுபோகின்றன. ஒன்றும் உடைவதில்லை. பீங்கானும் கண்ணாடியும் ஏன், தகரத் தட்டு போதாதா என்றால், போதாது என்கிறார் மாண்டிசோரி. உடையாத தட்டு பிள்ளையின் கவனக்குறைவை மறைத்துவிடும். உடையும் தட்டு அந்தக் கணத்திலேயே சொல்லிவிடும். கத்த வேண்டியதில்லை, தட்டே சொல்லிவிட்டது.

மேசை நாற்காலியும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பள்ளிகளில் பெஞ்சுகளைத் தரையோடு திருகி வைத்திருப்பார்கள். பிள்ளை அசையக் கூடாது, முதுகெலும்பு வளைந்தாலும் பரவாயில்லை. இவர் எடை குறைந்த சின்ன நாற்காலிகளைச் செய்யச் சொன்னார். "சத்தம் தாங்காது, தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்கள்" என்று சொன்னார்கள். தள்ளட்டும், விழும் சத்தமே பிள்ளைக்குத் தான் சரியாக நடக்கவில்லை என்று காட்டட்டும் என்பது அவர் பதில். நம் பாஷையில் சொன்னால் ஃபீட்பேக் லூப். இந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க்!

சரி, எல்லாவற்றையும் அவரே முன்கூட்டித் திட்டமிட்டாரா என்றால் இல்லை. பல விஷயங்கள் தற்செயலாக நடந்தவை. கருவிகள் பூட்டிய அலமாரியில் இருக்கும். ஆசிரியை திறந்து, எடுத்து, பங்கிட்டுக் கொடுப்பார். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார், காலையில் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களே கதவைத் திறந்து, வேண்டியதை எடுத்து வேலையில் இறங்கியிருந்தன. ஆசிரியைக்குக் கோபம், இது திருட்டு இல்லையா என்று. மாண்டிசோரிக்கு வேறு மாதிரி தோன்றியது. எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிகிறது, எது வேண்டும் என்றும் தெரிகிறது. அதற்குப் பிறகு பூட்டிய அலமாரி போய், பிள்ளைகளின் கை எட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன. அந்த ஆசிரியைக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். நானாக இருந்தால் அன்று பெரிய பூட்டாக வாங்கியிருப்பேன்.

இன்னொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தம் வராமல், அடுத்தவருக்குத் தெரியாமல் எப்படித் துடைப்பது என்று வேடிக்கையாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் தியேட்டரில் போலக் கைதட்டினார்கள்! அவர் யோசித்துப் பார்த்தார். மூக்கு ஒழுகுகிறது என்று நாள் பூராவும் இவர்களைத் திட்டியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

முற்றத்தில் ஒரு தாயின் கையில் துணி சுற்றித் தூங்கிய நாலு மாதக் குழந்தையை வாங்கி வகுப்புக்குள் கொண்டுவந்த நாளும் ஒன்று உண்டு. பாருங்கள் எவ்வளவு அசையாமல் இருக்கிறாள், உங்களால் இப்படி முடியாது, மூச்சுகூட எவ்வளவு மெதுவாக வருகிறது என்று அவர் விளையாட்டாகச் சொல்லப்போக, ஐம்பது வாண்டுகளும் மூச்சைப் பிடித்து அமைதியாகிவிட்டன. அறையில் கடிகாரச் சத்தம் கேட்டது. பிறகு இதையே ஒரு விளையாட்டாக ஆக்கிக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து கிசுகிசுப்பாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் கேட்ட பிள்ளை நாற்காலியில் இடிக்காமல் நுனிக்காலில் நடந்து வரும். "சைலன்ஸ்!" என்று டஸ்டரால் மேசையைத் தட்டாமல் கிடைத்த அமைதி இது. நம்ம செமினார் ஹாலில் அது ஒரு நாளும் நடந்ததில்லை என்பதற்கு இந்த மலரைப் படிக்கும் அத்தனை பேரும் சாட்சி.

இப்போது 'திருத்த முடியாத பிள்ளை'க்கு வருவோம். அடுத்தவர் வேலையைக் கெடுத்துக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்காமல் திரிகிற பிள்ளையை அங்கே என்ன செய்தார்கள்? முதலில் டாக்டரிடம் காட்டினார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், அறையின் ஒரு மூலையில் சின்ன மேசை போட்டு, வசதியான சாய்வு நாற்காலி போட்டு, அதில் உட்கார வைத்தார்கள். நாற்காலி சுவரைப் பார்த்து அல்ல, வகுப்பைப் பார்த்து. மற்றப் பிள்ளைகள் வேலை செய்வது முழுக்க அவன் கண்ணுக்குத் தெரியும். அவனுக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான்களையும் கையில் கொடுத்தார்கள். மாண்டிசோரி உள்ளே வந்ததும் நேரே அவனிடம் போய், உடம்பு சரியில்லாத பிள்ளையிடம் பேசுவது போல அன்பாகப் பேசுவார். பிறகுதான் மற்றவர்களிடம் போவார். மற்றவர்களைப் பெரிய மனுஷர்களாக நடத்துவார்.

அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இதில் அமைதியாகிவிட்டதாக எழுதுகிறார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, அங்கே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிடும். இதுவும் ஒருவகை ஒதுக்கல்தானே என்று இன்று யாராவது கேட்டால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் என் வீட்டில் நான் நிற்க வைத்த திசையும் இந்த நாற்காலி இருந்த திசையும் வேறு. என் பிள்ளைக்குப் பார்க்கக் கிடைத்தது உதிர்ந்த சுண்ணாம்பு மட்டும்.

பரிசும் அங்கே ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஆசிரியை நல்ல பிள்ளை ஒருவனுக்குப் பதக்கம் மாட்டிவிட்டிருந்தார். தண்டனையாக ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பதக்கக்காரன் வேலை மும்முரத்தில் அங்கும் இங்கும் போய்வரும்போது பதக்கம் கீழே விழுந்தது. நாற்காலிக்காரன் எடுத்துக் கொடுத்தான். "எனக்கு வேண்டாம், நீயே வெச்சுக்க" என்கிற தோரணையில் அவன் போய்விட்டான். இவனும் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வேலையில் இருப்பவனுக்குப் பதக்கம் இடைஞ்சல், சும்மா இருப்பவனுக்கு அலங்காரம். இதைச் சில மேனேஜர்களுக்கு அனுப்ப ஆசை.

மணிக்கணக்கை வைத்து எழுதிய அந்த 1909 அட்டவணையும் பிறகு தளர்ந்துபோனது. 1916-ல் வந்த இன்னொரு புத்தகத்தில் அவர் ஒரு வரைபடம் தருகிறார். ஒரு பிள்ளையின் காலை நேரம் முழுவதும் கோடாக வரையப்பட்டிருக்கிறது. முதலில் ஏதோ ஒரு சுலபமான வேலை. பிறகு கொஞ்சம் கஷ்டமான ஒன்று. பத்து மணி வாக்கில் கோடு தடுமாறுகிறது. பிள்ளை எழுந்து அலைகிறது, வகுப்பே இரைச்சலாகிறது. அனுபவமில்லாத ஆசிரியை என்ன செய்வார்? களைத்துவிட்டார்கள் என்று நினைத்து எல்லாரையும் நிறுத்தி மைதானத்துக்கு அனுப்புவார். திரும்பி வந்தால் முன்னைவிட மோசம். விஷயம் தெரிந்தவர் சும்மா இருப்பார். ஏனென்றால் அந்த அலைச்சல் களைப்பு அல்ல. அதற்குப் பிறகு பிள்ளை அன்றைய நாளின் மிகக் கடினமான வேலையைத் தானே எடுத்து, வெகுநேரம் அதில் மூழ்கிப்போகிறது. உருளைக் கட்டைகளைப் பலகைக் குழிகளில் பொருத்தும் கருவியோடு ஒரு மூன்று வயசுப் பெண் நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துகொண்டிருந்ததை அவர் எண்ணியிருக்கிறார். நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தும், சுற்றிப் பாட்டுப் பாட வைத்தும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதனால்தான் பிற்காலத்து மாண்டிசோரி பள்ளிகளில் காலையில் மூன்று மணி நேரம் மணியடிப்பதில்லை.

இதைப் படித்த ராத்திரி மகளின் பள்ளி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முப்பது நிமிடத்துக்கு ஒரு மணி. என் பிள்ளை எழுந்து அலைகிறாள் என்றால், எந்த வேலை பாதியில் பிடுங்கப்பட்டு அலைகிறாள் என்று யோசிக்க எனக்கு அதுவரை தோன்றவில்லை.

இந்தம்மாவைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. 1898-ல் பிறந்த தன் ஒரே மகன் மாரியோவை, கல்யாணம் ஆகாத நிலையில், கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளரவிட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வீடு அமைத்தவரிடம் சொந்தப் பிள்ளை வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயசு பதினைந்து. அப்போதும் வெளியில் மகன் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சமூகம் அவரை அப்படி நெரித்தது என்பதும் உண்மை. அடுத்தது முசோலினி. ஒழுங்கு, சுத்தம், கேட்ட பேச்சுக் கேட்கும் பிள்ளைகள் என்று வெளியிலிருந்து பார்த்த முசோலினிக்கு இந்தப் பள்ளிகள் பிடித்துப்போய், 1924-லிருந்து அரசாங்க ஆதரவு கொடுத்தார். மாண்டிசோரியும் வாங்கிக்கொண்டார், பத்து வருடம். தானாக வரும் ஒழுங்கு வேறு, சட்டை மாட்டி அணிவகுக்க வைக்கும் ஒழுங்கு வேறு என்பது இரண்டு பேருக்கும் புரிய அவ்வளவு காலம் ஆனது. 1934-ல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கே அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன.

இனி நம்ம ஊர் வருகிறது. இந்தக் கதையின் ஒரு பெரிய பகுதி சென்னை அடையாற்றில் நடந்தது என்பது, அங்கே எத்தனையோ தடவை போய்வந்த எனக்கே தெரியாது. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைக்க, 1939 நவம்பரில் மாண்டிசோரி மாரியோவோடு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயசு அறுபத்தொன்பது. இந்தியா முழுவதிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். தங்க ஓலைக் குடிசைகள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருவரும் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆகிவிட்டார்கள்! மாரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவரை அடையாறு வளாகத்தை விட்டு நகரக் கூடாது என்றார்கள்.

ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்ற செய்தி. 'மகன்' என்று ஒரு அரசாங்கம் எழுதியது அதுதான் முதல் தடவை என்பார்கள். நாற்பத்திரண்டு வருடம் அவர் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை, எதிரி அரசாங்கத்தின் தந்தியில் வந்தது.

அதன் பிறகு சில வருடம் கொடைக்கானலிலும் இருந்தார். இலங்கையின் லீனா விக்கிரமரத்னவும் சேர்ந்து அங்கே ஒரு சின்னப் பள்ளி நடத்தினார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுபடி 1947-ல் வந்து, 1949 வரை போய்வந்துகொண்டிருந்தார். அவருடைய முதல் புத்தகத்தைத் திருத்தி விரித்து எழுதிய பதிப்பு 1948-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது அடையாறு கலாக்ஷேத்ராவிலிருந்துதான். சான் லொரென்சோவின் டைம்டேபிள் கதை நம்ம சென்னையில் அச்சேறியிருக்கிறது! 1952 மே 6-ஆம் தேதி நெதர்லாந்தில் காலமானார்.

அவர் இங்கே வருவதற்கு முன்பே அவருடைய முறை வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல், தனக்கு மகன் பிறந்த பிறகு, இவனை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற கவலையில் மாண்டிசோரியைப் படிக்க ஆரம்பித்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். நான் வேலையை விடப் போவதில்லை. (ஹோம் லோன் இருக்கிறது.) ஆனால் டைரியில் வந்த சிவப்பு மையில் ஆரம்பித்து இவ்வளவு தூரம் படித்த தகப்பன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பள்ளிக்குப் போய் மிஸ்ஸிடம் பேசினேன். சண்டைக்குப் போகவில்லை. "காலையில ஒரு வேலையை அவளே முடிக்கிற வரைக்கும் விட்டுப் பார்க்க முடியுமா மேடம்?" என்று கேட்டேன். "நானே விடணும்னுதான் நினைக்கிறேன் சார், மணி அடிச்சா அடுத்த கிளாஸுக்கு இவங்களை நான் வரிசையா கூட்டிட்டுப் போகணுமே" என்றார். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருக்கும். அவருக்கும் ஒரு விதித்தாள் இருக்கும், என்னிடம் காட்டவில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளே தட்டு எடுத்து வைக்க அனுமதி வாங்கியிருக்கிறார். அவ்வளவுதான் இதுவரை.

வீட்டில் சமையலறையின் கீழ்த்தட்டு இப்போது மகளுக்குச் சொந்தம். டம்ளர், சொம்பு, கரண்டி, ஒரு சின்னத் துடைப்பம். கண்ணாடி டம்ளர் கொடுக்கலாம் என்று ரோம் நகரத்தை மேற்கோள் காட்டிப் பார்த்தேன். "உடைஞ்சா நீங்க கூட்டுவீங்களா?" என்றாள் மனைவி. எவர்சில்வர்தான்.

ரியூனியன் அன்று அவளும் வருகிறாள். மதியச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பைக் கேண்டீன் அண்ணனிடம் சொல்லி அவளுக்காக ஒரு மேசைக்கு மட்டும் வாங்கியிருக்கிறேன். ஒரு தட்டில் நாலு டம்ளர் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, மெதுவாக நடந்து வருவாள். எதிரே வந்தால் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள். பாவம் பிள்ளை என்று கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.